ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தெருக்களில் அகதிகளின் தடத்தைக் கண்டறிவது எப்படி

லண்டனுக்கு வேலையாகவோ உறவினரைப் பார்க்கவோ செல்லும் தமிழர்கள் சுற்றிப்பார்க்கும் இடங்களில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் வந்துவிடும் இந்தச் சிறிய பகுதி, சமயத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் துரத்தப்பட்டவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வந்து தங்கிய இடம். அவர்கள் அந்த நகரத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அரை நாள் நடையில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை சென்றபோது நான் கண் மட்டத்தில் தெரிந்த பெயர்ப்பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு நடந்து, நான்கைந்து பெரிய மனிதர்களின் பெயர்களோடு திரும்பினேன். அகதிகளின் பங்களிப்பு என்றாலே புகழ்பெற்றவர்களின் பட்டியலைத் தேடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தை ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டு, வேலை நடந்த இடத்தையும் சண்டை நடந்த இடத்தையும் தேடி நடப்பது எப்படி என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

கையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வேண்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘கண்டது’ என்றும் மறுபக்கம் ‘கேட்டது’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கல்லில் பொறித்த ஆண்டு, சன்னலின் அகலம், அடைத்த கதவு ஆகியவை முதல் பக்கத்துக்கு உரியவை. வழிகாட்டிகள் சுவையாகச் சொல்லும் கதைகளை இரண்டாம் பக்கத்தில் குறியுங்கள். ஆக்ஸ்டெயில் சூப்பை ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தியவர்கள் பிரெஞ்சு அகதிகளே என்ற கதையை நீங்கள் ஒரு முறையாவது கேட்பீர்கள். அது இரண்டாம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக் லேனில் சந்தை கூடுவதால் நின்று பார்க்க இடம் இருக்காது. வார நாள் ஒன்றில், வெயில் அடிக்கும் காலையில் கிளம்புவது நல்லது. வெயில் எதற்கு என்பது பின்னால் தெரியும்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரான்சில் புராட்டஸ்டண்ட் சமயத்தைத் தழுவியவர்களை ஹியூகனாட்டுகள் என்று அழைத்தனர். 1598இல் நான்காம் ஹென்றி பிறப்பித்த நான்ட் ஆணை அவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்திருந்தது. பதினான்காம் லூயி அந்த உரிமையைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்து, 1681 முதல் அவர்களுடைய வீடுகளில் படைவீரர்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்துக் கொடுமைப்படுத்தி, 1685 அக்டோபரில் ஆணையையே திரும்பப் பெற்றார். போதகர்கள் இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது. தப்பிச் செல்லும்போது பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாக்கப்பட்டனர். அப்படியிருந்தும் சுமார் 2 லட்சம் பேர் தப்பித்தனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் இங்கிலாந்துக்கு வந்தனர் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களோடு பிரெஞ்சிலிருந்து அந்த மொழிக்குள் வந்ததுதான். அந்தச் சொல்லுக்குப் புகலிடம் தேடிக்கொண்டவர் என்பது பொருள். நாம் சொல்லும் ‘அகதி’யோ கதியற்றவர் என்று பொருள்படும் வடசொல். ஒரு சொல் அவர் செய்த செயலைச் சொல்கிறது, மற்றொன்று அவரிடம் இல்லாததைச் சொல்கிறது. ஈழத்து எழுத்தாளர்கள் சிலர் ‘ஏதிலி’ என்று எழுதுவதும் இரண்டாம் வகையே.

வந்தவர்கள் இரண்டு இடங்களில் குவிந்தனர். வெள்ளி வேலை, கடிகார வேலை போன்ற நுண்தொழில் தெரிந்தவர்கள் அரண்மனைக்கு அருகிலிருந்த சோஹோவுக்கும், பட்டு நெசவாளர்கள் நகர எல்லைக்கு வெளியே வாடகை குறைவாக இருந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸுக்கும் போயினர். நாம் நடக்கப்போவது நெசவாளர்களின் பகுதியில்.

முதலில் கதவைப் பாருங்கள்

ரயில் நிலையத்தின் வாசலில், ஹோப் சதுக்கத்தில், பெட்டிகளோடு நிற்கும் சிறுவர் சிறுமியரின் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. நாஜி ஜெர்மனியிலிருந்தும் அதன் பிடிக்குள் வந்த நாடுகளிலிருந்தும் 1938, 1939 ஆண்டுகளில் பெற்றோர் இல்லாமல் அனுப்பிவைக்கப்பட்ட சுமார் 10,000 குழந்தைகளில் பலர் வந்திறங்கிய நிலையம் இது. 2006இல் இச்சிலையைச் செய்த ஃபிராங்க் மைஸ்லரே டான்சிக் நகரத்திலிருந்து அப்படி அனுப்பப்பட்ட குழந்தைதான். அந்தக் குழந்தைகள் இந்தத் தெருக்களில் தங்கியவர்கள் அல்லர்; ஆனாலும் நடையைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அங்கிருந்து ஆர்ட்டிலரி லேனுக்குள் நுழைந்து சாண்டிஸ் ரோ என்ற குறுகலான தெருவுக்கு வாருங்கள். அங்குள்ள யூதர் தொழுகைக்கூடம் 1766இல் ஹியூகனாட்டுகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. ஹாலந்திலிருந்து வந்திருந்த யூதத் தொழிலாளர்கள் 1867இல் அதை எடுத்துக்கொண்டபோது ஒரு சிக்கல் வந்தது. திருச்சுருள்கள் வைக்கும் பேழை எருசலேம் இருக்கும் திசையில் அமைய வேண்டும்; ஆனால் தேவாலயத்தின் பழைய வாசல் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. எனவே அந்த வாசலை அடைத்துவிட்டு, எதிர்ப்புறத்தில் சாண்டிஸ் ரோவைப் பார்த்தபடி புதிய வாசல் திறந்தார்கள். கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, முன்வாசல் எப்படிப் பின்வாசலானது என்பதைப் பாருங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய முதல் வரி இதுதான். இன்னொன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹாலந்து யூதர்கள் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் அல்லர், பிழைப்புத் தேடி வந்தவர்கள். குடிபெயர்ந்தவர் எல்லோரையும் அகதிகள் என்று எழுதிவிட்டால் அகதி என்ற சொல்லுக்கு எடை இல்லாமல் போய்விடும்.

ஆர்ட்டிலரி லேனிலேயே 56, 58 எண்ணுள்ள கட்டடங்களின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1750களில் ஹியூகனாட் பட்டு வணிகர்கள் வைத்திருந்த கடைகள் இவை. 56ஆம் எண்ணின் வளைந்த கடைமுகப்பும் தூண்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. கையிருப்பில்லாமல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்று வியப்பதற்கு முன், இந்தப் பட்டை நெய்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான விடை கிழக்கே இன்னும் சிறிது தூரத்தில் இருக்கிறது.

பிறகு தலையை உயர்த்துங்கள்

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டைக் கடக்கும்போது எதிரே வெள்ளையாக ஓங்கி நிற்பது கிறைஸ்ட் சர்ச். பிரெஞ்சு அகதிகள் தங்களுக்கென்று தனித் தேவாலயங்கள் வைத்திருந்த பகுதியில் ஆங்கிலத் திருச்சபையின் அதிகாரத்தை நிலைநாட்டுவதும் 1714க்கும் 1729க்கும் இடையே அதைக் கட்டியதன் நோக்கங்களில் ஒன்று. 1980களில் அதன் நிலவறையைத் துப்புரவு செய்து ஆராய்ந்தபோது சுமார் 1,000 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களில் கணிசமானோர் ஹியூகனாட் வழிவந்தவர்கள். யாருக்கு எதிராகக் கட்டினார்களோ அவர்களுடைய பேரன்மாரே கடைசியில் அதற்குள் போய்ப் படுத்தார்கள் என்றால் தவறில்லை.

தேவாலயத்தின் பக்கவாட்டில் செல்லும் ஃபோர்னியர் ஸ்ட்ரீட், அதிலிருந்து பிரியும் வில்க்ஸ் ஸ்ட்ரீட், அடுத்துள்ள பிரின்ஸ்லெட் ஸ்ட்ரீட் ஆகிய மூன்று தெருக்களில்தான் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். 1720களில் எழுந்த செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கதவின் வேலைப்பாட்டையும் மாடத்தையும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீங்கள் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று கூரையடியைப் பாருங்கள். கீழ்த்தளங்களில் சாதாரண உயரச் சன்னல்கள் இருக்க, உச்சித் தளத்தில் மட்டும் சுவரே இல்லையோ என்று தோன்றும்படி அகலமான சன்னல்கள் வரிசையாக ஓடுவதைக் காண்பீர்கள். தறி இருந்த இடம் அது. பட்டு நூலில் இரண்டு பச்சைக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிய வெளிச்சம் வேண்டும். மெழுகுவர்த்தியின் புகை பட்டுக்கு ஆகாது. தெருமட்டத்தில் லண்டன் சூரியன் எட்டாது. ஆகவே தறி மேலே ஏறியது. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ வீட்டுத் திண்ணையை ஒட்டிக் குழித்தறி பார்த்துப் பழகிய நமக்குத் தறியை மூன்றாம் மாடியில் கற்பனை செய்வது சற்றுக் கடினம்தான். ஆனால் பாவும் ஊடையும் நாடாவும் இரண்டு இடத்திலும் ஒன்றே. பூ வேலைப்பாடு உள்ள பட்டுக்கு நெசவாளர் தறியில் இருக்க, ஒரு சிறுவன் பக்கத்தில் நின்று கயிறுகளை வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். அகலச் சன்னலைப் பார்க்கும்போது அந்தச் சிறுவனையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த மூன்று தெருக்களின் பெரிய வீடுகள் பெரும்பாலும் முதலாளி நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் உரியவை. கூலி நெசவாளர்கள் இன்னும் கிழக்கே, பெத்னல் கிரீன் பக்கத்தில் சிறிய வீடுகளில் தறியோடு தறியாக வாழ்ந்தனர். அந்த வீடுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. எஞ்சியிருக்கும் கட்டடங்களை மட்டும் வைத்து எழுதினால் முதலாளிகளின் வரலாறுதான் கிடைக்கும்.

சில வீடுகளின் வாசலில் பெரிய மர நூல்கண்டு ஒன்று தொங்குவதைக் காணலாம். அது பழைய அடையாளம் என்று எண்ணிவிட வேண்டாம். அகதிகள் வந்த முந்நூறாம் ஆண்டின் நினைவாக 1985இல் மாட்டியது. ‘கேட்டது’ பக்கத்தில் எழுத வேண்டியது இதுபோன்றதே: உண்மைதான், ஆனால் பின்னால் வந்த உண்மை.

வில்க்ஸ் ஸ்ட்ரீட்டும் பிரின்ஸ்லெட் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலை வீட்டில் அன்னா மரியா கார்த்வைட் 1728 முதல் 1763இல் இறக்கும் வரை வாழ்ந்தார். இவர் ஹியூகனாட் அல்லர், லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஆங்கிலப் பாதிரியாரின் மகள். இந்தத் தெருக்களின் பட்டுக்குப் பூவும் கொடியும் வரைந்துகொடுத்தவர் இவர். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவருடைய நூற்றுக்கணக்கான நீர்வண்ண வரைபடங்கள் உள்ளன. அவற்றின் ஓரத்தில் யார் வாங்கினார் என்று அவரே எழுதிவைத்திருக்கும் நெசவாளர் பெயர்களில் பிரெஞ்சுப் பெயரும் உண்டு, ஆங்கிலப் பெயரும் உண்டு. எனவே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டை அகதிகள் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த பொருளாக எண்ணக்கூடாது. வந்தவர்களின் கைத்திறனும் உள்ளூர்ப் பெண்ணொருத்தியின் தூரிகையும் இந்த மூலையில் சந்தித்ததால் உருவானது அது. நேரம் இருந்தால் மறுநாள் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு வரைபடத்தையாவது பாருங்கள். ரோஜா இதழின் ஒரு பக்கத்து நிழலைக்கூட நூலில் நெய்ய முடியும் என்று நம்பி வரைந்திருக்கிறார்.

சண்டை நடந்த இடத்தைத் தவிர்க்காதீர்கள்

பாராட்டு மட்டும் எழுதினால் அது விழா மலர் ஆகிவிடும். இந்தப் பகுதியின் நெசவாளர்கள், பிரெஞ்சு வழியினரும் ஆங்கிலேயருமாக, நம் நாட்டுத் துணிக்கு எதிராக நடத்திய போராட்டம் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றி அனுப்பிய சீட்டித் துணி, சாயம் போகாததாகவும் விலை குறைந்ததாகவும் இருந்ததால், லண்டன் பெண்கள் பட்டை விட்டுவிட்டு அதற்கு மாறினர். 1697இல் நெசவாளர்கள் கம்பெனியின் தலைமையகத்தையே தாக்கினர். 1719இல் சீட்டி உடுத்திச் செல்லும் பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தும் மையை வீசியும் அட்டகாசம் செய்தனர். வண்ணம் தீட்டிய, அச்சிட்ட இந்தியத் துணியை உள்நாட்டில் பயன்படுத்துவதற்காக இறக்குமதி செய்வதை 1700ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடைசெய்தது. துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. வயிற்றுப்பாடு வந்துவிட்டால் யாரும் பழையதை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால் அகதிகளின் பங்களிப்பு என்ற கணக்கில் மசூலிப்பட்டினத்துச் சாயக்காரருக்கு நேர்ந்த இழப்பையும் ஒரு வரியாக எழுதத்தான் வேண்டும்.

சமூகத்துக்கு உள்ளேயும் சண்டை இருந்தது. 1769இல் கூலி குறைத்த முதலாளிகளின் தறியில் இருந்த பட்டைக் கூலி நெசவாளர்கள் இரவோடு இரவாக வெட்டிப்போட்டனர். தாக்குதலுக்கு உள்ளான பெரிய முதலாளி லூயிஸ் ஷோவே ஹியூகனாட் வழிவந்தவர். அந்த ஆண்டு டிசம்பரில் பெத்னல் கிரீனில் ஒரு மதுக்கடையின் முன்னால் தூக்கிலிடப்பட்ட இரண்டு நெசவாளர்களில் ஒருவருடைய பெயரும் பிரெஞ்சுப் பெயர்தான். 1773இல் கூலியை நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. 1824இல் அது நீக்கப்பட்டது. 1860இல் பிரான்சோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி உள்ளே வர, தறிகள் ஓய்ந்தன.

தறி ஓயும் வரை அதன் பக்கத்தில் வேறு சில காரியங்களும் நடந்தன. 1717இல் இங்கு தொடங்கிய கணிதச் சங்கத்தில் நெசவாளர்கள் மாலையில் கூடினர். ஒருவர் கணக்குக் கேட்டால் மற்றவர் தமக்குத் தெரிந்தவரை எளிமையாக விளக்கிச் சொல்வது கடமை என்று அதன் விதி சொன்னது. ஹியூகனாட் நெசவாளரின் மகனாக 1706இல் இங்கு பிறந்து, தாமும் தறியில் உட்கார்ந்துகொண்டே ஒளியியல் படித்த ஜான் டாலண்ட், நிறப்பிழை இல்லாத, அதாவது காட்சியின் விளிம்பில் வண்ணங்கள் பிரிந்து தெரியாத, தொலைநோக்கி வில்லைக்கு 1758இல் காப்புரிமை பெற்றார். அந்த வில்லையை அவருக்கு முன்பே வேறொருவர் செய்து பார்த்திருந்தார். உலகம் வாங்கிப் பயன்படுத்தும் பொருளாக அதை ஆக்கியது டாலண்ட் குடும்பம்.

ஒரே கட்டடத்தை நான்கு முறை படியுங்கள்

பிரின்ஸ்லெட் ஸ்ட்ரீட் 19ஆம் எண் வீடு 1719இல் எழுந்தது; ஓஜியே என்ற ஹியூகனாட் பட்டு நெசவுக் குடும்பம் அதில் வாழ்ந்தது. 1869இல் போலந்து யூதர்கள் அதன் பின்தோட்டத்தில் தொழுகைக்கூடம் கட்டினர். அது எப்போதாவதுதான் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து யூதர்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குத் தப்பிப் பெருந்திரளாக வந்தவர்கள் இந்தத் தெருக்களை நிறைத்தபோது, இதே தெருவின் 3ஆம் எண்ணில் 1886இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி நாடகங்களுக்கென்றே ஓர் அரங்கம் எழுந்தது. மறு ஆண்டு ஜனவரியில் யாரோ தீ என்று கூவியதில் நெரிசலில் 17 பேர் இறந்தனர். அந்த அரங்கம் அதிலிருந்து மீளவில்லை.

இப்போது ஃபோர்னியர் ஸ்ட்ரீட்டின் கோடிக்கு, பிரிக் லேன் மூலைக்கு வாருங்கள். 1743இல் பிரெஞ்சு தேவாலயமாகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம், 1819இல் மெதடிஸ்ட் தேவாலயமாகி, 1898இல் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காளதேச முஸ்லிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. வழிகாட்டிகள் எல்லோரும் இதைச் சொல்லி நெகிழ்வார்கள். நெகிழ்வதை ஒத்திவைத்துவிட்டுத் தெற்குச் சுவரின் உச்சியைப் பாருங்கள்: அங்கே ஒரு சூரியக் கடிகாரம், 1743 என்ற ஆண்டு, ‘உம்ப்ரா சுமுஸ்’ என்ற லத்தீன் சொற்கள். ‘நிழலே நாம்’ என்று பொருள். வெயில் உள்ள காலையில் கிளம்பச் சொன்னது இதற்காகத்தான். மேகமூட்டமான நாளில் அது வெறும் கல். பள்ளிவாசலுக்குள் செல்ல விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டு, காலணியைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். பிரிக் லேனின் வங்காளிகளில் பெரும்பாலோர் சில்ஹெட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் என்பதையும், யூதர்கள் விட்டுச்சென்ற தையல் கூடங்களில் அவர்கள் அமர்ந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் புரூன் ஸ்ட்ரீட்டில் ஏழை யூதர்களுக்கான கஞ்சித் தொட்டியின் முகப்பு இருக்கிறது. கல்லில் செதுக்கிய சூப் பாத்திரம், அதன் இருபுறமும் ஆண்டு: ஆங்கிலக் கணக்கில் 1902, யூதக் கணக்கில் 5662. உள்ளே செல்ல ஒரு கதவு, வெளியே வர ஒரு கதவு என்று மேலே எழுதியிருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல், இப்படிப்பட்டவர்கள் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவையுங்கள்.

வீடு திரும்பியதும் ‘கேட்டது’ பக்கத்தில் இருப்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். 1885இல் நிறுவப்பட்ட ஹியூகனாட் சங்கம் பிரெஞ்சு தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை அச்சிட்டிருக்கிறது. அவற்றில் பெயரைத் தேடலாம். தேடும்போது பெயர்கள் மாறியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளாங்க்’ என்று வந்தவரின் மகன் ‘வைட்’ ஆகிவிட்டிருப்பான். இரண்டும் வெள்ளை என்றே பொருள்படும்.

பசி எடுத்திருந்தால் திரும்பும் முன்பே பிரிக் லேனின் வடகோடிக்குச் சென்றுவிடுங்கள். வட்டமாகச் சுருட்டி, கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு சுடும் யூத ரொட்டியை அங்கு இரவிலும் விற்கிறார்கள். அமெரிக்கப் படங்களில் கேட்டு ‘பேகல்’ என்று பழகியிருப்போம்; கடைப் பலகையில் எழுத்துக்கூட்டலே வேறு, பழைய கிழக்கு லண்டன்காரர்கள் இத்திஷ் வாயில் ‘பைகல்’ என்றுதான் கேட்பார்கள். மாட்டிறைச்சி உண்பவர்கள் உப்பிட்ட இறைச்சியும் கடுகும் வைத்ததைக் கேளுங்கள், மற்றவர்கள் கிரீம் சீஸ் வைத்ததை. வரிசை நீளமாக இருக்கும். ஆனால் வேகமாக நகரும்.